சாரீரமும் சரீரமும்: குரலைக் கற்பித்த மூன்று தலைமுறையின் கதை

(முன்னாள் மாணவர், மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பியல், 2006–2010)

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. பேசியவர் எனக்கு மூன்று வருடம் ஜூனியர்.

"அண்ணா, சந்திப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேணும்ணா. உங்க ஃபீல்டு சம்பந்தமா ஏதாவது எழுதுங்க. சிக்னல் பிராசஸிங், ஏ.ஐ., இந்த மாதிரி."

"பாட்டு வாத்தியார்களைப் பத்தி எழுதட்டுமா?" என்றேன்.

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நீங்க பாடுவீங்களாண்ணா?"

"பாட மாட்டேன். அதனாலதான் எழுதணும்."

அந்தத் தம்பி அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் கேட்காமல் விட்டதை நானே சொல்லிவிடுகிறேன்.

2008-ஆம் வருடம் நம் கல்லூரி கலைவிழா. நாவலூர் அப்போது காஞ்சிபுரம் மாவட்டம். செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019-ல்தான். பழைய மகாபலிபுரம் சாலையை ஆறு வழியாக்கும் வேலை நடந்துகொண்டிருந்த காலம். புழுதியைக் கடந்து வகுப்புக்கு வந்த பேட்ச் எங்களுடையது. கலைவிழாவில் எனக்குப் பாட்டும் இல்லை, டான்ஸும் இல்லை. வாடகைக்கு எடுத்த மிக்ஸர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வேலை.

எங்கள் ஹாஸ்டலில் ஒரு நண்பன் இருந்தான். பெயர் வேண்டாம், எங்கள் பேட்ச்காரர்களுக்குத் தெரியும். திருப்போரூர்ப் பக்கத்துக் கிராமம். சின்ன வயதிலிருந்து கந்தசாமி கோயிலில் ஓதுவார் பாடக் கேட்டு வளர்ந்தவன். அடித்தொண்டையில் பேசுவான், அதே தொண்டையில்தான் பாடுவான். ராத்திரி மெஸ்ஸுக்குப் பின்னால் அவன் பாட ஆரம்பித்தால் எச்சில் தட்டோடு நாலு பேர் நின்றுவிடுவோம். நாங்கள்தான் வற்புறுத்திக் கலைவிழாவில் பெயர் கொடுக்க வைத்தோம்.

மேடையில் ஏறினான். கீபோர்டு வாசித்தவர் சினிமாவில் வந்த அதே சுருதியில் ஆரம்பித்தார். பல்லவி எப்படியோ ஒப்பேறிவிட்டது. சரணத்தில் மேலே போனபோது குரல் கிழிந்தது. முதலில் ஒரு விசில், பிறகு ஊளை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவன் மைக்கின் ஃபேடரைக் கீழே இழுத்துவிட்டேன். வாத்தியச் சத்தம் மட்டும் கேட்டது. அவன் பாடிக்கொண்டே நின்றான். யாருக்கும் கேட்கவில்லை. அவனைக் காப்பாற்றினேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அதன் பிறகு அவன் பாடி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"உனக்குச் சாரீரம் இல்லடா" என்று அன்று ராத்திரி யாரோ சொன்னார்கள். கேலிதான். ஆனால் அந்த வார்த்தைக்கு எழுநூறு, எண்ணூறு வருட வரலாறு உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது.

தொண்டையைப் பற்றி முன்னோர் சொன்னது

சாரீரம் என்பது சரீரத்திலிருந்து வந்த சொல். 13-ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய 'சங்கீத ரத்னாகரம்' இதற்கு ஓர் இலக்கணம் சொல்கிறது. பயிற்சி இல்லாமலே ராகத்தை வெளிப்படுத்தும் ஆற்றலுக்குச் சாரீரம் என்று பெயர். அது உடம்போடு கூடவே பிறப்பதால் அந்தப் பெயர். நல்ல குரல்களுக்கும் கெட்ட குரல்களுக்கும் அந்த நூல் நீண்ட பட்டியலே தருகிறது. ஆக, சாரீரம் என்பது வரம். இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. நம் ஹாஸ்டல் தீர்ப்பும் இதுதான்.

தமிழில் பார்த்தால் விஷயம் வேறு மாதிரி தொடங்குகிறது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், எழுத்தொலி பிறக்கும் விதத்தை ஒரு பொறியியல் வரைபடம் போலக் காட்டும். உந்தியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நிலைபெறுகிறது. பல், இதழ், நாக்கு, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு சேர்த்து எட்டு இடங்களில் பட்டு வெவ்வேறு எழுத்தாகிறது. காற்று ஒரு சக்தி, மிடறு ஒரு கருவி, வாயும் மூக்கும் அதற்கு வடிவம் கொடுப்பவை. இன்றைய ஒலியியல் பாடப் புத்தகமும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் தொடங்குகிறது. நுரையீரல் காற்றை அனுப்புகிறது. குரல்நாண்கள் அதிர்ந்து ஒலியை உண்டாக்குகின்றன. தொண்டை, வாய், மூக்கு ஆகிய குழாய்கள் அந்த ஒலியில் சில பகுதிகளைத் தூக்கியும் சிலவற்றை அமுக்கியும் வெளியே விடுகின்றன. நம் துறை மாணவர்கள் மூலம், வடிகட்டி என்று படிப்பது இதைத்தான்.

இன்னொரு அழகு. பழந்தமிழ் இசையில் ஏழு சுரங்களின் பெயர்கள் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். முதல் சுரத்தின் பெயரே குரல். பாடுகிறவன் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது தன் குரலை. மற்ற ஆறும் அதை வைத்துத்தான். இதை ஒரு தத்துவமாகச் சொல்லவில்லை, சுருதி சேர்க்கும் வேலையாகவே சொல்கிறேன்.

கற்பித்தலும் நமக்குப் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை மாதவியை மேடையேற்றும் முன், ஆடல் ஆசிரியனுக்கும் இசை ஆசிரியனுக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. மாணவியின் தகுதியைச் சொன்ன கையோடு ஆசிரியரின் தகுதியையும் சொன்ன நூல் அது. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் திருப்பதியம் பாட 48 பேரையும், உடன் வாசிக்க இருவரையும் நியமித்து, ஆளுக்குத் தினம் மூன்று குறுணி நெல் கொடுக்க ஏற்பாடு செய்ததைக் கல்வெட்டு சொல்கிறது. 48 பேருக்கும் தேன் குரலா வாய்த்திருக்கும்? பிள்ளைகளைச் சேர்த்துவைத்துச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. திருப்போரூரிலும் திருக்கழுக்குன்றத்திலும் நாம் கேட்கும் ஓதுவார் குரல் அந்தப் பயிற்சியின் வாரிசு.

ஒரே குரு, இரண்டு குரல்

இப்போது திருவையாற்றுக்குப் போவோம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. தியாகராஜ சுவாமிகளின் உறவினரும் சீடருமான மானம்புச்சாவடி வேங்கடசுப்பையரிடம் படித்த இரண்டு பேர் சங்கீத உலகத்தை ஆண்டார்கள். ஒருவர் மகா வைத்தியநாத ஐயர் (1844–1893). மூன்று ஸ்தாயியிலும் தங்கு தடையின்றிச் சஞ்சரிக்கும் குரல். சிறுவனாக இருந்தபோதே 'மகா' பட்டம் கிடைத்துவிட்டது. 72 மேளகர்த்தா ராகங்களையும் ஒரே மாலையாகக் கோத்த 'மேள ராகமாலிகை' அவருடையது.

மற்றவர் பட்டணம் சுப்பிரமணிய ஐயர் (1845–1902). ஒரு வயதுதான் வித்தியாசம், அதே குரு. ஆனால் குரல்? கனத்த குரல், வளைந்து கொடுக்காத குரல். பிர்கா புரளாது. இப்படி ஒருவர், மகா வைத்தியநாத ஐயர் பாடும் அதே ஊரில், அதே காலத்தில் வித்வானாக நிற்க வேண்டும்.

அவர் செய்த காரியம்தான் நான் சொல்ல வந்த வரலாற்றின் முதல் பாடம். அசுர சாதகம் செய்து குரலை ஒரு கட்டுக்குள் கொண்டுவந்தார். அதைவிட முக்கியமாக, தன் குரலுக்கு எது பொருந்துமோ அதைத் தன் சங்கீதமாக்கிக்கொண்டார். ஓட வராத குரலுக்கு நடை அழகு. நிதானம், அழுத்தம், தானம் என்று அவர் பாணி அமைந்தது. பேகடா ராகத்தை அவர் கையாண்ட விதத்தால் 'பேகடா சுப்பிரமணிய ஐயர்' என்றே பெயர் வந்தது. இன்றும் பாட்டு கற்கிற குழந்தை ஆபோகி வர்ணம் பாடினால் அது அவர் செய்தது. கதனகுதூகலத்தில் 'ரகுவம்ச சுதா' கேட்டுத் தலையாட்டினால் அதுவும் அவர் செய்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பட்டணம் ஐயரின் சிஷ்யர் பட்டியல் மிகப் பெரியது. பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்கார், மைசூர் வாசுதேவாச்சாரியார், டைகர் வரதாச்சாரியார் எல்லாரும் அந்த வீட்டுத் திண்ணையிலிருந்து வந்தவர்கள். பூச்சி ஐயங்காரின் சிஷ்யர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். இன்றைய கச்சேரிக்கு வடிவம் கொடுத்தவர் அவரே. குரலால் குறைந்தவரிடமிருந்துதான் இத்தனை கிளைகள்.

ஏன் அப்படி என்று யோசித்திருக்கிறேன். குரல் இயல்பாக வாய்த்தவருக்குத் தான் எப்படிப் பாடுகிறோம் என்றே தெரிவதில்லை. "இப்படித்தான்" என்று பாடிக் காட்டுவார். வழி தெரியாமல் தட்டுத் தடுமாறி வந்தவருக்கு ஒவ்வொரு பள்ளமும் நினைவிருக்கும். அதனால் மற்றவனுக்கு வழி சொல்ல முடியும்.

டைகர்

அந்தப் பாடத்தின் இரண்டாம் அத்தியாயம் டைகர் வரதாச்சாரியார் (1876–1950). திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டைக்காரர். இவருக்கும் கேட்டவுடன் மயங்கும் குரல் கிடையாது. கரகரப்பு, நடுக்கம். கச்சேரி தொடங்கியதும் புதிதாக வந்தவர்கள் முகத்தைச் சுளிப்பார்களாம். கொஞ்ச நேரத்தில் அவர் கற்பனைக்குள் போய்விட்டால் குரல் மறந்துபோகும் என்று கேட்டவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் காலம் ஒரு திருப்புமுனை. அதுவரை பாட்டு என்றால் குருகுலவாசம். குரு வீட்டில் தண்ணீர் இறைத்து, துணி துவைத்து, குரு பாடும்போது காதில் வாங்கிக்கொள்வது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த இசை மாநாட்டின் பயனாக 1928-ல் மியூசிக் அகாடமி பிறந்தது. 1929-ல் சிதம்பரத்தில் ராஜா அண்ணாமலை செட்டியார் இசைக் கல்லூரி தொடங்கினார். 1931-ல் அகாடமி, பாட்டு ஆசிரியர்களை உருவாக்கவே ஒரு கல்லூரியைத் திறந்தது. வகுப்பறை, கால அட்டவணை, பரீட்சை, சான்றிதழ் எல்லாம் சங்கீதத்துக்கு வந்தன. 1949-ல் அரசாங்கமே சென்னையில் கர்நாடக இசைக் கல்லூரி தொடங்கி முசிறி சுப்பிரமணிய ஐயரை முதல்வராக்கியது.

அகாடமியின் ஆசிரியர் கல்லூரிக்கு முதல் முதல்வர் யார்? டைகர். பிறகு சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறை, அண்ணாமலை இசைக் கல்லூரி, கடைசியாகக் கலாக்ஷேத்ரா. எல்லா இடத்திலும் அவர் கற்பித்தார். 1932-ல் சங்கீத கலாநிதி. அந்தக் காலத்தில் குரல் வளம் உள்ள வித்வான்களுக்கா பஞ்சம்? இருந்தும், கற்பிக்க ஆள் வேண்டும் என்றபோது கரகரத்த குரல்காரரைத் தேடிப் போனார்கள். அவர் வளர்த்தது பிள்ளைகளின் காதை என்று அந்தப் பெரியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் சாலையின் மறுமுனையில்

மூன்றாம் அத்தியாயம் நமக்குப் பக்கத்து ஊர். கலாக்ஷேத்ராவை ருக்மிணி தேவி அருண்டேல் 1936-ல் அடையாறில் தொடங்கினார். 1962-ல் அது திருவான்மியூருக்கு வந்தது. நாவலூரிலிருந்து வடக்கே போனால் அரை மணியில், டிராஃபிக் இருந்தால் ஒன்றரை மணியில் போய்விடலாம். நாலு வருடம் அந்தப் பக்கமாகப் போய் வந்தும் நான் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை.

1940-களில் பாலக்காட்டுப் பக்கம் மஞ்ஞப்ராவிலிருந்து ஓர் இளைஞர் டைகரிடம் படிக்க வந்தார். பாலக்காடு விக்டோரியா கல்லூரியில் பௌதிகம் படித்த பட்டதாரி. எம்.டி. ராமநாதன் (1923–1984). அவருடைய குரல் கிணற்றடியிலிருந்து வருவது போன்றது. அவ்வளவு ஆழம். ஒன்று கட்டைக்கும் கீழே சுருதி. அதற்கேற்றாற்போல் மிக மெதுவான நடை. விறுவிறுப்பை எதிர்பார்த்து வந்தவர்கள் எழுந்து போனதும் உண்டு, கேலி பேசியதும் உண்டு.

டைகர் என்ன செய்திருக்கலாம்? "கொஞ்சம் மேலே பாடுப்பா, மத்தவங்க மாதிரி பாடு" என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அந்தக் குரல் என்றைக்கோ கிழிந்திருக்கும். அந்த ஆழத்திலேயே அந்தப் பிள்ளையை வளரவிட்டார். ராமநாதன் கடைசிவரை தன் சுருதியை விடவில்லை, தன் காலப்பிரமாணத்தையும் விடவில்லை. கலாக்ஷேத்ராவிலேயே ஆசிரியராகி அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக் கொடுத்தார். நிறையக் கீர்த்தனைகள் இயற்றினார். அவற்றில் அவர் வைத்த முத்திரை 'வரததாச'. வரதாச்சாரியாரின் தாசன். 1974-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

இன்னொரு பொருத்தம். பட்டணம் ஐயரின் இன்னொரு சிஷ்யரான மைசூர் வாசுதேவாச்சாரியாரும் முதிய வயதில் கலாக்ஷேத்ராவுக்கு வந்து கற்பித்து, 1961-ல் காலமானார். திருவையாற்றில் ஒரு முரட்டுக் குரல் தேடிக் கண்டுபிடித்த வழி, இரண்டு கிளையாக நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

ராமநாதனை நான் முதலில் கேட்டது 2016-ல், கம்பெனி பஸ்ஸில், சோழிங்கநல்லூர் சிக்னலில். பக்கத்து சீட்டு சீனியர் காதில் மாட்டியிருந்ததில் ஒன்றைக் கழற்றி என் காதில் வைத்தார்.

"யாரு சார் இது? டேப்பை ஸ்லோவா ஓட்டின மாதிரி இருக்கு?" என்றேன்.

"கேளுப்பா, சிக்னல் விழறதுக்குள்ள புரியும்" என்றார்.

சிக்னல் மூன்று முறை விழுந்தது. எனக்கு நினைவு வந்தது மெஸ்ஸுக்குப் பின்னால் கேட்ட குரல்.

கண்ணாடியில் தொண்டை

இந்தக் கதை நம் ஊரில் மட்டும் நடக்கவில்லை. ஸ்பெயின் நாட்டுப் பாடகர் குடும்பத்தில் 1805-ல் பிறந்தவர் மானுவல் கார்சியா. தந்தையின் இசை நாடகக் குழுவோடு அமெரிக்கா வரை போய், இருபதே வயதில் மேடையில் கத்திக் கத்திக் குரலைக் கெடுத்துக்கொண்டார். பாட முடியாமல் போனதால் பாட்டு வாத்தியாரானார். 1841-ல் ஜென்னி லிண்ட் என்ற ஸ்வீடன் பாடகி, மேடையில் ஓய்வின்றிப் பாடித் தொண்டை கெட்ட நிலையில் பாரீசுக்கு அவரிடம் வந்தார். கார்சியா உடனே பாடம் ஆரம்பிக்கவில்லை. சில வாரங்கள் வாயே திறக்கக் கூடாது என்றார். அதன் பிறகுதான் பாடம். அந்தப் பெண் ஐரோப்பாவே கொண்டாடிய பாடகி ஆனார்.

கார்சியாவுக்கு ஒரு தீராத ஆசை. பாடும்போது உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும். 1854-ல் பல் மருத்துவரின் சிறு கண்ணாடியைத் தன் தொண்டைக்குள் வைத்து, இன்னொரு கண்ணாடியால் சூரிய ஒளியைத் திருப்பித் தன் குரல்நாண்கள் அசைவதைப் பார்த்தார். அடுத்த வருடம் லண்டன் ராயல் சொசைட்டியில் அதைப் பற்றிக் கட்டுரை வாசிக்கப்பட்டது. இன்று காது மூக்கு தொண்டை டாக்டர் குரல்வளையைப் பார்க்கும் முறையின் தொடக்கம் அந்தப் பாட்டு வாத்தியாரின் கண்ணாடிதான். மனிதர் 101 வயது வரை வாழ்ந்தார்.

நம் நாட்டில் சர் சி.வி. ராமன் 1920-களிலும் 30-களிலும் மிருதங்கத்தையும் தம்பூராவையும் ஆராய்ந்தார். கர்நாடகக் குரல் பயிற்சியையே பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு முனைவர் பட்டம் பெற்றவர் சென்னையின் டாக்டர் எஸ்.ஏ.கே. துர்கா (1940–2016).

கொஞ்சம் கணக்கு

இஞ்சினியர் எழுதும் கட்டுரையில் கணக்கு இல்லாவிட்டால் நீங்களே சந்தேகப்படுவீர்கள்.

ஆண்களின் குரல்நாண் சுமார் 15 முதல் 20 மில்லிமீட்டர் நீளம். பெண்களுக்கு அதைவிடக் குட்டை. அதனால் பேசும்போது ஆண் குரல் விநாடிக்குச் சுமார் 120 முறையும் பெண் குரல் சுமார் 200 முறையும் அதிர்கிறது. ஒன்று கட்டையில் பாடும் ஆணுக்கு மத்திய ஷட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். மந்திர பஞ்சமம் 98, மேல் பஞ்சமம் 392. அதாவது கீழிருந்து மேலே நாலு மடங்கு. இதே ஆளை நாலு கட்டையில் பாடச் சொன்னால் மேல் பஞ்சமம் 523-க்குப் போய்விடும். ஒருவருக்குச் சுலபமாக எட்டும் இடம் இன்னொருவருக்குத் தொண்டை கிழியும் இடம். இதில் திறமைக்கு வேலையே இல்லை, நாணின் நீளம், கனம், இழுவிசைதான் காரணம். ஆபீஸ் மேஜை உயரம் சரியில்லை என்றால் மேஜையைத்தான் மாற்றுவோம், உட்காருபவரின் காலை வெட்டுவதில்லை.

சுருதிக்கும் ஒரு வரலாறு உண்டு. மைக் வராத காலத்தில் திறந்தவெளிக் கூட்டத்தின் கடைசி ஆளுக்கும் கேட்க வேண்டும். உச்ச சுருதி அன்று கட்டாயம். எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்தது அந்தக் குரலால்தான். 1930-களில் சபாக்களில் மைக் வந்ததும் தாழ்ந்த குரலுக்கும் இடம் கிடைத்தது. ராமநாதனின் குரல் மைக் இல்லாமல் நாலாவது வரிசையைத் தாண்டியிருக்குமா என்பது சந்தேகம். தாழ்ந்த குரல்களுக்கு வழிவிட வந்த கருவி மைக். 2008-ல் நான் அதை எதற்குப் பயன்படுத்தினேன் என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.

'மகரக்கட்டு' என்றொரு நல்ல சொல் நம்மிடம் இருக்கிறது. பன்னிரண்டு, பதினான்கு வயதில் பையன்களுக்குக் குரல்வளை வளர்ந்து, நாண் நீண்டு, குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கும் காலம். பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் மகரக்கட்டு வந்துவிட்டால் கதாநாயகப் பையன் பாத்திரம் பறிபோகும். பள்ளிக்கூடத்தில் எனக்கும் அது வந்தது. நான் பாடிக்கொண்டிருந்த பிரார்த்தனைக் குழுவிலிருந்து, "இனிமே நீ பின்னாடி நில்லு" என்று நகர்த்தினார்கள். ஆறு மாதம் மெதுவாகப் பாடு, புதுக் குரல் வந்ததும் புதுச் சுருதி தேடலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை. பின்னாடி நின்றவன் அப்படியே நகர்ந்து மிக்ஸர் பெட்டிக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு நடந்ததையே இன்னொருவனுக்குச் செய்தேன் என்பது இந்தக் கட்டுரைக்குக் குறிப்பு எடுக்கும்போதுதான் உறைத்தது.

இனி

சார்ங்கதேவர் சொன்னது தப்பில்லை. சாரீரம் சரீரத்தோடு பிறப்பதுதான். அதை மாற்ற முடியாது. ஆனால் பட்டணம் ஐயரிலிருந்து ராமநாதன் வரை மூன்று தலைமுறை நமக்குக் காட்டியது, பாட்டு அப்படிப் பிறப்பதில்லை என்பதை. இருக்கிற நாணுக்குப் பொருந்தும் சுருதியைக் கண்டுபிடிக்க ஒரு காது வேண்டும். அந்தக் காதுக்குத்தான் ஆசிரியர் என்று பெயர்.

தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். கலைவிழாவில் யார் பாட வந்தாலும் முதல்நாளே அவர் சுருதியைப் பார்த்துவிடுங்கள். கையில் இருக்கும் போனிலேயே இன்று தம்பூரா சுருதி இருக்கிறது. சரணத்தின் உச்சி இடத்தை மட்டும் பாடச் சொல்லுங்கள். சிரமப்பட்டால் அரை அரையாக இறக்குங்கள். கீபோர்டில் டிரான்ஸ்போஸ் என்று ஒரு பட்டன் உண்டு. அன்றைக்கு அதை நாலு முறை அமுக்கியிருந்தால் போதும். அந்தப் பட்டன் இருப்பது மின்னணுவியல் மாணவனான எனக்கு அன்றும் தெரியும். எழுந்து போய்ச் சொல்லத் தோன்றவில்லை.

பழைய மாணவர்களிடம் ஒரு யோசனை. சங்கத்தின் சார்பில் கல்லூரியில் ஒரு சிறிய பாட்டு அறை ஏற்படுத்தலாம். பெரிய செலவில்லை. ஒரு தம்பூரா, ஒரு ஹார்மோனியம், வாரம் இரண்டு மாலை வந்து போக ஓர் ஆசிரியர். பாடத் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று வைக்காமல், 'குரல் இல்லை' என்று சொல்லப்பட்டவர்களுக்கு முதலிடம் கொடுக்கலாம். வகுப்பில் நாள் முழுக்கக் கத்தித் தொண்டை கட்டிப்போகும் நம் பேராசிரியர்களும் வந்தால் மூச்சை எப்படிச் செலவழிப்பது என்று தெரிந்துகொள்வார்கள். என் பங்கை மலர் வெளியீட்டு அன்றே கொடுக்கத் தயாராக இருக்கிறேன்.

கடைசியாக, இந்த மலர் என் நண்பன் வீட்டுக்கும் தபாலில் போகும். முகவரிப் பட்டியலில் அவன் பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டேன். டேய், அன்றைக்கு உன் மைக்கைக் குறைத்தது நான்தான். சிஸ்டம் கோளாறு என்று உன்னிடம் பொய் சொன்னேன். மன்னித்துவிடு. சந்திப்பு அன்று மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் மெஸ்ஸுக்குப் பின்னால் வா. மைக் வேண்டாம், கீபோர்டு வேண்டாம். உன் சுருதியில் ஆரம்பி. நாங்கள் தட்டோடு நிற்கிறோம்.